ஐம்பத்து நாலு

எனக்குச் சம்பளம் கிடையாது.
அச்சான செய்தியை மாதக் கடைசியில்
ஸ்கேல் வைத்து அளந்து
சென்டிமீட்டருக்கு நாலு ரூபாய் தருவார்கள்.
பாளையங்கோட்டைக்குப் பகுதிநேர நிருபர்,
பன்னிரண்டு வருடமாக.

மேலப்பாளையத்தில் வாய்க்கால் உடைந்தால் ஒன்பது.
அமைச்சர் வந்து போனால் பதினெட்டு, படத்தோடு.
சேரன்மகாதேவிப் பக்கம் மணல் லாரி பிடிபட்டால்
முதல் பக்கத்திலேயே இடம் உண்டு.
ஆனித் தேரை நான் அளப்பதே இல்லை,
அந்த மாதம் வீட்டில் கடன் குறையும்.

அன்றைக்கு ஸ்டேடியத்தில் மண்டலத் தடகளம்.
கேலரியில்
வட்டெறியும் பையனின் அப்பா,
டியூஷனுக்கு நேரமாகாத இரண்டு பேர்,
ஐஸ் பெட்டியோடு ஒருவர்.
அவரும் பாதியில் கிளம்பிவிட்டார்,
பக்கத்துத் திடலில் டென்னிஸ் பால் கிரிக்கெட்.

மும்முறைத் தாண்டுதல் என்று எழுதுவோம்.
பார்த்தால் தாண்டுவது ஒருமுறைதான்,
முதல் இரண்டும்
அதற்காகத் தரையிடம் வாங்கும் கடன்.
ஆவுடைச்செல்வி ஓடி வந்தாள்.
பலகையில் ஒரு கால்,
மறுபடி அதே கால்,
அப்புறம் மற்றக் கால்,
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
காலே இல்லாதவள் போல இருந்தாள்.

குழியில் பாதி ஆற்று மணல், பாதி எம்சாண்ட்.
எழுந்தபோது முட்டிக்குக் கீழே சிராய்ப்பு.
வெள்ளைக் கொடி.
டேப்பைப் பிடித்திருந்த ஞானராஜ் வாத்தியார்
வாசித்தார், நம்பாமல் கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி வாசித்தார்:
பன்னிரண்டு எழுபத்தொன்று.
யாரும் கை தட்டவில்லை என்று சொல்ல மாட்டேன்.
வட்டெறியும் பையனின் அப்பா தட்டினார்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன்.
"வேய், வீடு எப்படி, ஓலையா ஓடா?
அப்பா இல்ல, கிப்பா இல்லன்னு எதும் இருக்கா?
வெறுங்காலோட ஓடுனாளா?
இருந்தாச் சொல்லும், கால் பக்கம் தாரேன்."

அவளிடம் கேட்டேன்.
எனக்கும் கால் பக்கம் வேண்டியிருந்தது.
சாக்ஸைக் கழற்றி மணலை உதறிக்கொண்டே சொன்னாள்:
"அப்பா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்காவ.
மாடி வீடுதான். வாஷிங் மெசின் இருக்கு.
தெனமும் ரெண்டு முட்ட திங்கேன்.
நான் தாண்டுனத எழுதுங்களேன் அண்ணாச்சி,
அது பத்தாதா?"

பத்தாது என்று சொல்ல
வாய் வரவில்லை.

மறுநாள் ஏழாம் பக்கம்.
ரேஷன் கடை முற்றுகைக்கும்
யாரோ ஒருவரின் பதினாறாம் நாள் அஞ்சலிக்கும் நடுவில்
இரண்டு சென்டிமீட்டர்.
ஆவுடைச்செல்வன் என்றிருந்தது.
தூரம் 12.17.

காலை ஆறரைக்கு அவளே கூப்பிட்டாள்.
கோபம் இல்லை,
பாக்கிச் சில்லறை கேட்கிற குரல்.
"பேரு போனாப் போவுது அண்ணாச்சி,
ஆம்பளையாக்கூட இருந்துட்டுப் போறேன்.
அம்பத்து நாலு சென்டிமீட்டரக் காணோமே.
அது கூடுறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

திருத்தம் எழுதி அனுப்பினேன்.
இடம் இல்லை.
அதற்கு அடுத்த நாளும் அனுப்பினேன்.
பழைய செய்தி என்றார்கள்.

தொழில் புத்தி, ஐம்பத்து நாலை நாலால் பெருக்கினேன்:
இருநூற்றுப் பதினாறு.
என் பையனின் வேன் கட்டணத்தில் பாதி கூட வராது.
பிறகு ஏனோ
அந்த நாளின் பேப்பரைத் தரையில் விரித்து
மேல் ஓரத்தில் ஸ்கேலை வைத்தேன்.
முப்பது வந்ததும் விரலால் குறித்து
ஒருமுறை நகர்த்தினேன்.
கீழ் ஓரத்தில் சரியாக
ஐம்பத்து நாலு.

நான் அளந்த பக்கம் முழுக்க
வண்ணார்பேட்டையில் நகைக்கடைத் திறப்பு விழா.
ரிப்பனுக்கு முன்னால் ஒரு நடிகை,
கையில் கத்தரிக்கோல்.

மாதக் கடைசியில் என் கணக்கில் எழுதினேன்:
தடகளம், இரண்டு.
கணக்கர் தன் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.
தலைப்பை அளக்கக் கூடாதாம்.
சிவப்புப் பேனாவால்
ஒன்றரை என்று திருத்தினார்.