இருபதில் தொடங்கும் அளவுகோல்

பொகவந்தலாவைக்கு மேலே, பாடசாலை மைதானத்தில்
சுண்ணாம்புக் கோடு போட்டபோது மணி எட்டு.
ஒன்பதுக்கு மழை வந்து கோட்டைக் குடித்துவிட்டது.
ஆறு இடங்கள். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
பேஸ்போல் என்றால் என்ன சேர் என்று
முப்பது பேர் கேட்டார்கள்.
மற்றவர்கள் தெரிந்ததுபோல் நின்றார்கள்.

என் படிவத்தில் கட்டங்கள்:
வேகம், குறி, தோள், கை நீளம்,
ஓரத்தில் ஒடுக்கமாக, 'வருங்காலம்'.
எங்கள் அளவுகோல் இருபதில் தொடங்கி
எண்பதில் முடியும்.
பூச்சியம் அதில் கிடையாது.
அந்த இரக்கத்தைக் கண்டுபிடித்தவர்
கொழுந்து மடுவத்துத் தராசைப் பார்த்திருக்கமாட்டார்.
அங்கே கிலோ குறைந்தால் அரைப்பேர்.
வரிசையில் நில்லுங்கள் என்றேன், அவ்வளவுதான்,
பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல நின்றார்கள்,
யார் பெயரை விடுவேனென்று
என் பேனையைப் பார்த்தபடி.

டெனிஸ்டன். ஆறடி. தோளைப் பார்த்தவுடன் அறுபது.
நாலாம் பந்தில் மூச்சு வாங்கினான்.
அறுபதை வெட்டி நாற்பத்தைந்து.
லோகிதன். வேகம் சொல்லும்படி இல்லை,
ஆனால் கையுறையை எங்கே வைத்தேனோ
அங்கே வந்து உட்கார்ந்தது பந்து,
ஈரத்திலும், பத்துக்கு எட்டு.
இவனை யாரும் கைதட்டி அனுப்பமாட்டார்கள்.
ஐம்பத்தைந்து.

யுகேந்திரன் கடைசியில் வந்தான்.
இரவல் சப்பாத்து, நுனியில் பேப்பர் அடைத்தது.
"எனக்கு ஏலாது சேர். ஹட்டன்ல
அம்பயர் மூணு தரம் நோபோல் சொல்லிட்டார்.
முழங்கை மடியுதாம்.
எறிகாரன்னுதான் லயத்துல கூப்பிடுறாங்க."
மடக்கு, என்றேன்.
நான் கேலி செய்கிறேனோ என்று பார்த்தான்.
நல்லா மடக்கு. இந்த ஆட்டத்துக்கு
அதுதானே வேணும்.

வேகமானி எண்பத்தொன்று காட்டியது.
தட்டிப் பார்த்தேன்.
அடுத்தது எண்பத்துமூன்று.
மூன்றாவது என் தலைக்கு மேலால், வேலிக்கு மேலால்
தேயிலைக்குள் போனது.
நான்காவதும் அங்கேயே. சிரித்தார்கள்.
ஐந்தாவது என் உள்ளங்கையில் இறங்கியபோது
சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.
எதிர்மலை அந்தச் சத்தத்தை
ஒரு தரம் திருப்பிச் சொன்னது.

வேகம் எழுபது. குறி இருபத்தைந்து.
வருங்காலம்?
மூன்று வருடத்துக்கு முன் நான் அறுபத்தைந்து போட்டவன்
இப்போது கினிகத்தேனையில் ஆட்டோ ஓட்டுகிறான்,
கண்டால் காசு வாங்கமாட்டான், அது இன்னும் கஷ்டம்.
முப்பது போட்டு அனுப்பியவன்
மூன்று வருடமாக எங்கள் முதல் பந்தை எறிகிறான்,
எறியும் முன் என்னை ஒருமுறை பார்ப்பான்.

சாமான்களை ஏற்றும்போது யுகேந்திரன் வந்து கேட்டான்:
"மாசத்துக்கு எத்தனை பேர் போடுவீங்க சேர்?"
பஸ் காசு, பகல் சாப்பாடு, சப்பாத்து, என்றேன்.
சம்பளம் இல்லை.
திங்கட்கிழமை வெள்ளவத்தையில்
புடவைக்கடையில் சேரவேண்டுமாம்.
முற்பணம் வாங்கியாயிற்று, வீட்டில் தகரமும் மாற்றியாயிற்று.
விரல்மடித்து எதையோ கணக்குப் பார்த்தான்.
"சரி சேர்" என்றான்.
எந்தப் பக்கத்துச் சரியோ, எனக்கு விளங்கவில்லை.
அவன் காற்சட்டைப் பையில் ஏதோ உருண்டையாகப் புடைத்திருந்தது.

வான் நோர்வூட் வளைவுகளில் இறங்குகிறது.
மடியில் படிவங்கள், மை கசிந்திருக்கிறது.
இடது உள்ளங்கை இன்னும் எரிகிறது,
கம்பியை வலது கையால் பிடித்திருக்கிறேன்.
ஐந்து பெயர் எழுதியாயிற்று, லோகிதன் முதலாவது.
ஆறாவதை ஹட்டன் வந்ததும் பார்க்கலாம்.

அதற்குமுன் சாமான் கணக்கு:
மட்டை இரண்டு. கையுறை நாலு.
பந்து பன்னிரண்டு போனது, பதினொன்று வந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
'தேயிலைக்குள் விழுந்தது' என்று எழுதுகிறேன்,
தெளிவாக, கையொப்பத்தோடு.