உயிர் வலப்பக்கம்

எண்பத்தேழு சுவிட்சுகள்.
ஒவ்வொன்றாய் வாயைத் திறந்து
தண்டை எடுத்துத் துணியில் வைக்கிறேன்.
மெல்லிய தூரிகை.
நொய்யரிசி முனையளவுகூட வேண்டாம், கிரீஸ்.
ஓரங்களில் மட்டும்.
கால்களில் பட்டுவிட்டால்
பாதி வழியில் விரலை நிறுத்திக் கேட்கும்
அந்தச் சின்னத் தடுக்கல் செத்துப்போகும்.

பூப்யோங்கில், தெருமட்டத்துக்குக் கீழே என் அறை.
ஜன்னலில் மனிதர்கள்
முழங்கால் வரைக்கும்தான்.
யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிறார்கள்.
அதையும் தரம் பிரிக்கிறது காது:
அடி கனம், மேலே கொஞ்சம் காலி,
ஒரு துண்டு ஃபோம் வைத்தால் சரியாகும்.

இங்கே விசைப்பலகையில்
இடக்கைக்கு மெய், வலக்கைக்கு உயிர்.
உயிரில் தொடங்கும் சொல்லுக்கும்
ஒலியே இல்லாத ஒரு வட்டத்தை
இடக்கை முதலில் அழுத்தியாக வேண்டும்.
ஆயிரம் முறை அழுத்தியிருக்கிறேன்.
யோசித்ததில்லை.

ஸ்பேஸ் பாருக்கு மட்டும் இரண்டு மணி நேரம்.
கம்பி சரியாக உட்காராவிட்டால்
சில்லறைப் பை போலக் கலகலக்கும்.
மற்றதெல்லாம்
கீழே போகையில் ஒன்று, எழுகையில் ஒன்று.
இரட்டைக்கிளவி.
பிரித்தால் பொருளில்லை.

முடித்ததும் வழக்கம்போல் மைக்கை அருகில் வைத்து
ஒரு நிமிடம் தட்டிப் பதிவு செய்து
பியோன் மு-யோலுக்கு அனுப்பினேன்.

"பிறவியிலிருந்தே எனக்குக் காது கேட்காது.
ஆர்டரில் எழுதியிருந்தேன்."

எழுதியிருந்தார்.
குறிப்பு என்ற கட்டத்தில்.
நான் தொகையைத்தான் பார்த்திருந்தேன்.

மன்னிப்பை மூன்று முறை தட்டி
மூன்று முறை அழித்தேன்.
அதற்குள் அடுத்தது வந்தது:
"இருக்கட்டும். அது எப்படிக் கேட்கிறது, சொல்லுங்கள்.
என்னைப் போன்றவர்கள் பார்க்கும் படங்களுக்கு
வசன வரிகளைச் சரிபார்ப்பவன் நான்.
கதவு அடைபடும் சத்தம். மழைச் சத்தம். தூரத்தில் நாய்.
எல்லாமே எனக்கு எழுத்தாகத்தான் பழக்கம்."

தொகாக் தொகாக், என்றேன்.
"அது வெறும் எழுத்து."
குழம்பு தளதளவென்று கொதிப்பது போல.
"பார்த்திருக்கிறேன். விரலுக்கு அது உதவாது."
கூழாங்கல், என்றேன். கூழாங்கற்கள்.

மூன்று புள்ளிகள் தோன்றின, போயின,
திரும்பத் தோன்றின.

"கோஜே தீவில் ஒரு கரை. மணலே இல்லை,
கறுப்புக் கற்கள்.
அலை திரும்பும்போது
குதிகாலுக்கடியில் ஒரு கூட்டமே
இடம் மாறி உட்காரும். அதுவா?"

அதேதான், என்றேன்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
அந்தக் கரைக்கு நான் போனதே இல்லை.

பத்து நாள் கழித்து:
"நன்றாக இருக்கிறது.
உ மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது."

உ. வலக்கை ஆட்காட்டி விரல், கீழ்வரிசை.
என் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன்,
ஹெட்ஃபோனில், பதினொரு முறை.
எல்லா விசையும் ஒரே மாதிரி விழித்திருந்தன.

பிறகு ஞாபகம் வந்தது.
அந்தத் தண்டைத் தடவும்போதுதான் தம்பி அழைத்தான்.
வாடகை முன்பணம். நாற்பது லட்சம் வோன்.
இல்லை என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
தூரிகை அதே தடத்தில்
இரண்டாம் தரமும் போயிருக்கும்.

திருப்பி அனுப்புங்கள், துடைத்துத் தருகிறேன், என்றேன்.
"வேண்டாம். விரல் பழகிவிட்டது.
அந்த இடத்தில் கொஞ்சம் காத்திருக்கிறது."

இந்த ஊரில் அழுகையைக் காட்ட
அந்த எழுத்தைத்தான் இரண்டு முறை தட்டுவார்கள்.
மேலே படுக்கைக்கோடு, மூடிய இமை.
கீழே வழிவது ஒரு கோடு.

அன்றிரவு தம்பி அனுப்பியதும் அதுதான்,
போனின் கண்ணாடியில் தட்டி,
சத்தமே இல்லாமல்.

இன்னும் பதில் போடவில்லை.