கடையில் இல்லாத பச்சை

திருமலை மத்திய வீதிப் பெயின்ற் கடையில்
நிறம் கலக்கிறவள் நான்.
ஓட்டுத் துண்டு, பழைய சட்டைக் கை,
ஒருமுறை ஒரு மாங்காயின் கன்னம்,
எதைக் கொண்டுவந்து நீட்டினாலும்
கருவியை மேலே வைத்து ஒரு அழுத்து.
திரையில் எண்கள் விழும்.
எட்டு நிமிடத்தில் வாளிக்கு மூடி.

சித்திரை வருசம் கழிந்த கிழமை
பாலையூற்றில் எங்கள் வாடகை அறையின் பின்னே
குழாயடிக் கறிவேப்பிலையில்
காய்ந்த நுரைபோல ஒரு முட்டைக்கூடு.
கிளையோடு முறித்து வந்தேன்.
ஒரு வெள்ளி விடிய
நூலில் தொங்கி இறங்கின
எறும்பளவில் கும்பிடுபூச்சிகள், அறுபதோ எழுபதோ.
ஒன்றையொன்று தின்று முடிக்கமுன்
நான்கைப் பிரித்தேன்.
மிச்சத்தைக் கறிவேப்பிலைக்கே திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குப் பச்சை வேண்டும்.
வெறும் பச்சையல்ல,
தம்பலகாமத்து வயல், முளைத்துப் பதினைந்தாம் நாள்.
பெட்டியொன்றின் உட்சுவரெல்லாம்
கடையில் மிஞ்சியதை அடித்தேன், இரண்டு பூச்சு.
காயுமுன் உள்ளே விட்டேன்.
விடியப் பார்த்தால்
கால் மடக்கிக் கிடந்தது, கும்பிட்டபடியே.
"மணம்" என்றாள் ஜெனோவா.
"உனக்கு மூக்கு செத்து எவ்வளவு காலமடி?"

அடுத்த பெட்டியை ஒரு கிழமை வெயிலில் போட்டேன்.
மணம் போனதென்று அவள் மோந்து சொன்னபிறகே
இரண்டாவதை விட்டேன்.
வாழைப்பழத்து ஈக்களைத் தின்று
நாலுபுறமும் பச்சையைப் பார்த்திருந்து
மூன்றாம் உரிப்பில் அது
மண்ணிறமாய் வந்தது.
பனையோலைச் சருகு.

வைகாசி. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
மதியத்தில் தகரம் தனக்குள் பேசும்,
சவர்க்காரம் வெடிக்கும், உதடு வெடிக்கும்.
பெட்டி இருந்ததோ
குளிர்சாதனப் பெட்டியின் தலையில், பின்சூடு ஏறுமிடத்தில்.
சுவர் என்ன நிறமென்று அது கேட்கவேயில்லை.
காற்றில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் கேட்டிருக்கிறது.
அப்படித்தான் நினைக்கிறேன்,
நான் பூச்சி படித்தவளல்ல.

மூன்றாவது வலையின் ஓட்டையால் போய்விட்டது.

நான்காவதை மறந்திருந்தேன், அதுதான் உண்மை.
ஜெனோவா அதை ஒரு நெஸ்டமோல்ட் போத்தலில்
குளியலறை யன்னலில் வைத்திருந்தாள்,
வாய்க்கு நுளம்புவலையும் றப்பர் பட்டியும் போட்டு.
வாளி நிரம்பித் தெறிக்கிற தண்ணீர்,
ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து
அவள் இரண்டுமுறை குளிக்கிற ஈரம்.
சுவர் பழைய இளஞ்சிவப்பு.
பச்சையென்று அங்கே ஒரு சீப்புக்கூட இல்லை.
தலைகீழாய்த் தொங்கி
முதுகு வெடித்து
வழுக்கிக்கொண்டு இறங்கியது:
தம்பலகாமம். பதினைந்தாம் நாள்.

மண்ணிறத்தையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன்.
இடம் மாறிய அன்றே மாறுமென்று
இரவில் மூன்றுதரம் லைற் போட்டுப் பார்த்தேன்.
பதினெட்டு நாள் உடுத்ததோடேயே இருந்தது.
பிறகு உரித்தது,
பாதி மனதோடு ஒரு பச்சை.
முழங்கைகள் மட்டும் இன்னும் கச்சானில்.

ஆடியில் வீட்டுக்காரர் வந்தார்,
வாடகையைக் கூட்டிச் சொல்லிவிட்டு, சமாதானத்துக்கு,
"அறைக்குப் பெயின்ற் அடிச்சுத் தாறன் பிள்ளை,
நிறத்தை நீயே சொல்லு, உன்ர தொழில்தானே."
"நிறம் கிடக்கட்டும்.
மேற்குச் சுவரில ஒரு யன்னல் வெட்டித் தருவீங்களே?"
அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
யோசிக்கிறன் என்று செருப்பைத் தேடினார்.

தோல்கள் இரண்டையும்
தீப்பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.
பச்சை கழற்றியது, மண்ணிறம் கழற்றியது.
எது எதுவென்று எழுதி வைக்கவில்லை,
வழியிலேயே குழம்பிவிட்டது.
இரண்டும் வெங்காயத்தின் உட்சருகு,
கை கூப்பிய வெறும் கண்ணாடி.
ஆளில்லாத மதியத்தில்
கருவியை மேலே வைத்து அழுத்தினேன்.
எண்கள் விழுந்தன.
அடியிலிருந்த மேசைப் பலகையின் நிறம்.