இரண்டாம் அச்சு

அணைக்கட்டு கூட்ரோட்டில்
எங்கள் பால் குளிரூட்டும் நிலையம்தான்
சுற்றுவட்டாரத்திலேயே குளிர்ந்த இடம் என்பார்கள்.
அந்தக் குளிர் பாலுக்கு.
கணினி அறைக்கும் டேங்குக்கும் நடுவே
ஒரு செங்கல் சுவர்.
இந்தப் பக்கம் நான், ஒரு மேசை விசிறி,
வியர்வையில் ஒட்டும் மவுஸ்.

நாளை பதினோரு மணிக்குக் கூட்டம்.
முனிரத்தினம் சாருக்கு ஒரே ஒரு படம் போதும்:
"வெயிலையும் பாலையும் சேத்துப் போடு வதனி.
வெயிலாலதான் பால் கொறஞ்சுதுன்னு
பாத்த ஒடனே தெரியணும்."

மார்ச் முதல் மே கடைசி வரை.
ஒரு பத்தியில் பதினெட்டாயிரம் லிட்டர்,
பதினாறு, பதினான்கு, பன்னிரண்டு.
இன்னொன்றில் முப்பத்தாறு டிகிரி,
முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்து மூன்று.
இரண்டையும் இழுத்துத் தேர்ந்தெடுத்துக்
கோட்டுப்படம் என்றேன்.
பால், பாலமதி மலைச்சரிவு போல இறங்கியது.
வெயில் எங்கே?
அடிக்கோட்டோடு அடிக்கோடாகப் படுத்திருந்தது.

நாற்பத்து மூன்று டிகிரி அன்றுதான்
பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம்
உருகிய தார்
என் செருப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு
என்னை மட்டும் அனுப்பியது.
அந்த நாளுக்குப் படத்தில்
ஒரு புள்ளி உயரம்கூட இல்லை.
பதினெட்டாயிரத்தின் பக்கத்தில் நிறுத்தினால்
எந்தச் சூடும் அப்படித்தான்.

வெயில் கோட்டின்மேல் வலது சொடுக்கு.
இரண்டாம் அச்சு.
வலப்பக்கம் ஓர் ஏணி முளைத்தது,
எழுந்து உட்கார்ந்தது வெயில்.
ஏணியின் முதற்படி பூஜ்யம் என்றால் சோம்பலாய்ச் சாய்ந்தது.
முப்பது என்றால்
படபடவென்று ஏறியது.
அதே வெயில்தான்.
ஏற்றிவிட்டது என் ஆட்காட்டி விரல்.

ஏப்ரல் இருபத்தாறில்
இரண்டு கோடும் வெட்டிக்கொண்டன.
சார் திரையில் விரலை ஊன்றினார்.
"இங்க என்ன நடந்துது?"
"இங்க ஒண்ணும் நடக்கல சார்."
லிட்டரும் டிகிரியும் சந்திக்கிற சந்தி
எந்த ஊரிலும் கிடையாது என்றேன்.
நம்பவில்லை.
முப்பதை முப்பத்து நான்காக்கிக் காட்டினேன்:
முகூர்த்தம் தள்ளிப்போனது போல
வெட்டு மே நான்குக்கு நகர்ந்தது.
"அட, அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிற நாள்!"
சார் முகத்தில் அப்படி ஒரு விளக்கு.
"இதையே வச்சுடு."
வண்டி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காலையில் கேனைக் கவிழ்த்துவிட்டு
பாஸ்புத்தகத்தை ஜன்னல் வழியே நீட்டினாள்
ஒடுகத்தூர் தேசம்மாள்.
ஏழு லிட்டர் வந்த இடத்தில் மூன்று.
"வெயிலா?" என்றேன்.
"வெயிலு வருசா வருசம் வருது கண்ணு.
தவுடு ஏறிக்கினே கீது.
ஒரு மாட்ட ஓட்டி உட்டுட்டேன்,
இன்னொண்ணும் கெளம்பிரும்."

சார் போன பிறகு
மூன்றாவதாய் ஒரு பத்தி அடித்தேன்.
கொள்முதல் விலை, லிட்டருக்கு:
முப்பத்து நான்கு.
முப்பத்து நான்கு.
ஒரு முறை அடித்துக் கீழே இழுத்தால் போதும்,
தொண்ணூற்றிரண்டு நாளும் அதேதான்.
இடது அச்சில் போட்டேன், தரையில் விழுந்தது.
வலது அச்சில் போட்டேன், காணோம்.
தேடினேன்.
சார் வைக்கச் சொன்ன அந்த முதற்படியில்,
முப்பத்து நான்கில்,
அச்சுக்கோட்டின் மேலேயே படிந்து
மறைந்திருந்தது.

மூன்றாம் அச்சு உண்டா என்று பார்த்தேன்.
கணினிக்கு இரண்டு கைதான்.

முதற்படியை மறுபடி முப்பதாக்கினேன்.
மே நான்கு கலைந்தது.
அக்னி நட்சத்திரம் அதன் பஞ்சாங்கத்துக்குத் திரும்பியது.
வெயிலுக்கும் பாலுக்கும் கீழே
மெல்லியதாய் ஒரு கோடு தெரிந்தது,
மார்ச்சிலிருந்து மே வரை
ஒரு நடுக்கம்கூட இல்லாமல்.

அச்சு இயந்திரத்தில் கறுப்பு மை மட்டும்.
பாலுக்கு முழுக்கோடு, வெயிலுக்குப் புள்ளி,
விலைக்கு விட்டு விட்டு ஒரு கீற்று.
பன்னிரண்டு பிரதி.

நாளை பதினோரு மணிக்கு
சார் அந்தக் கீற்றில் விரலை ஊன்றுவார்.
இங்க என்ன நடந்துது?

அதேதான் சார்.
இங்க ஒண்ணும் நடக்கல.