ஐந்தாவது நிமிடம்

பகலில் போக்னா வில்செக்குக்கு
பிட்கோஷ்ச் அரசு மருத்துவமனையில்
மாதச் சம்பளம்.
பத்துப் படம் பார்த்தாலும் அதேதான்,
நூறு பார்த்தாலும் அதேதான்.
இன்று ஒரு ட்ராம் ஓட்டுநரின் நுரையீரலில்
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.
யாரும் கேட்கவில்லை.

மாலையில் தனியார் மையம்:
தலைக்கு ஒரு விலை,
முழங்காலுக்கு ஒரு விலை.

இரவில்
சமையலறை மேசைமேல் ஸ்வீடன் திறக்கிறது.
படத்துக்கு இத்தனை குரோனா.
நான்கு நிமிடத்தில் முடித்தால்தான் கட்டும்;
ஐந்தாவது நிமிடம் அவள் கைக்காசு.

பெயர் இல்லை. பெண். அறுபத்தொன்று.
வலது மேல்மடலில், அரிசிமணியளவு,
இருக்கிறதா,
விலா எலும்பின் நிழலா.
மூன்றாண்டுக்கு முந்தைய படத்தைத்
தேடி எடுக்கிறாள்.
பெரிதாக்குகிறாள்.
அப்போது அது இல்லை.

பதினேழு நிமிடம்.
மகளின் ஸ்கேட்டிங் காலணி
இன்னும் மூன்று படம்
தள்ளிப் போயிற்று.