புள்ளிக்குப் பின்னால்

ஒரு வரியும் நான் மாற்றவில்லை.
உவர்மலையில் நேற்றிரவு கரண்ட் வந்ததும்
கொம்பைலரைப் புதுப்பித்தேன், அவ்வளவுதான்.
பில்ட் ஆனது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை.
தூங்கிவிட்டேன்.

விடியப்புறம் கொட்பேயில்
என் டிஜிட்டல் தராசைச் சுற்றிச் சனம்.
அறுக்குளாவைத் தூக்கி வைக்கிறார் றாசிக் நானா:
பன்னிரண்டு, ஒரு புள்ளி,
பிறகு வெறும் இருட்டு.
"புள்ளிக்குப் பின்னால கிடந்த மீன் எங்க, பிள்ள?"
முதலாளியின் கணக்குப்பிள்ளை
முழு எண்ணை மட்டும் எழுதுகிறான்,
சந்தோசமாய்.

ஐஸ் பெட்டிமேல் லப்டொப்பை வைத்து
பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிடுகிறேன்.
சின்ன லைப்ரரிதான் இனி டிஃபோல்டாம்;
தசமம் வேண்டுமென்றால் கேட்க வேண்டுமாம்.
ஐந்து வருடமாய்க் கேட்காமலே கிடைத்தது.
கேட்க வேண்டிய ஒன்றென்றே தெரியாது எனக்கு.

ஒற்றை ஃப்ளாக். சேர்த்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஏழு நான்கு.
கணக்குப்பிள்ளை எழுதியதை வெட்டவில்லை,
ஓரத்தில் நெருக்கிச் செருகினான்.

"நாளைக்கும் இருக்குமோ?" என்றார் நானா.
தராசின் விலாவில் செதிலைத் துடைத்து
பதிப்பு எண்ணை மார்க்கரால் எழுதினேன்.
மை காயுமுன்
அடுத்த பெட்டி வந்து உரசியது.