நாலு எண்ணும் வரை

ஸ்டாவாங்கர், 1908.
மத்தி மீன் டப்பா ஆலையின் பின்வாசல்.
"நாலு எண்ணும் வரை யாரும் அசையக் கூடாது"
என்றிருப்பான், கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

அசையவில்லை.
மேலாளர் ட்வேட்டின் கடிகாரச் சங்கிலியில்
கண்ணி கண்ணியாய் வெளிச்சம்.
உப்பு அரித்த விரல்களை
ஏப்ரனுக்குள் மறைக்கப் போன போர்கில்ட்
பாதியில் நிறுத்திவிட்டாள்.
ஓரத்துப் பீப்பாய்மேல் ஒரு பூனை;
மீசை மயிரை எண்ணிவிடலாம்.

மூன்றாம் வரிசையில் ஒருத்திக்கு மட்டும்
முகமில்லை.
தோள் இருக்கிறது,
முடிச்சிட்ட தலைத்துணி இருக்கிறது,
நடுவில்
உலைமூடி திறந்ததும் எழும் ஆவி மாதிரி ஏதோ.

அட்டையின் பின்பக்கம் பென்சிலில் பெயர்கள்,
இருபத்துமூன்று.
தலைகள் இருபத்துநாலு.
திரும்பவும் எண்ணினேன்,
பூனையைச் சேர்க்காமல்.

எழுதியவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்,
பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிக் கேட்டிருப்பார்.
ஆவிக்கு என்ன பெயர் எழுத?

ஆனால் அந்த ஆவி சாய்ந்திருப்பது
பீப்பாய்ப் பக்கம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்
இருந்த இடத்திலிருந்தே அது
லேசாக முனகியிருக்க வேண்டும்.

சொன்ன பேச்சைக் கேட்டது பூனை.
இவள்தான் திரும்பிச்
சிரித்துத் தொலைத்திருக்கிறாள்.